அருளம்மாள் டீச்சர் கேட்ட கேள்வி

கண்டக்டர் கருத்தையா வீடு தேடி வந்து சொல்லியிருக்காவிட்டால் அருளம்மாளுக்கு விஷயம் தெரிந்தே இருக்காது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அவள் முகம்கூடக் கழுவவில்லை, வாசலில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. கருத்தையா உள்ளே வராமல் காக்கிச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"டீச்சர், நான் சொன்னேன்னு அண்ணங்கிட்டச் சொல்லிராதீக. மதுரையிலருந்து வாரப்ப திருப்பத்தூருக்கு இங்குட்டு வண்டிய அடிக்கடி ஓரங்கட்டுறாக. டயரப் பாக்குறாப்புல எறங்கிப் பின்னாடி போறாக. போனா லேசுல வர்றதில்ல. சனங்க சத்தம் போடுது. அது கெடக்கட்டும். இன்னைக்குத் திரும்பி வரும்போது மொகத்தப் பாத்தேன். வேர்த்து ஊத்துது. ஒண்ணுக்கு சரியாப் போகல போலருக்கு. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறாக."

அருளம்மாளின் கணவர் உபகாரசாமி அரசு பஸ் டிரைவர். காரைக்குடிக்கும் மதுரைக்கும் வண்டி ஓட்டினார். ஐம்பத்திரண்டு வயது. தலை நரைக்கவில்லை, மீசை மட்டும் நரைத்திருந்தது. உடம்புக்கு ஒன்று என்றால் யாரிடமும் சொல்லாத ஆள். இன்ஜினில் சின்னச் சத்தம் மாறினால் டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவார், தன் காய்ச்சலை மட்டும் வெளியில் தெரியவிடாமல் ஓட்டிவிடுவார்.

அவர்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு வருஷந்தான் ஆகியிருந்தது. அவருக்கு நாற்பத்தாறு, அவளுக்கு முப்பத்தாறு வயதில் நடந்த கல்யாணம். படுக்கையில் கிடந்த அப்பாவையும் மூன்று தங்கைகளையும் கரையேற்றி முடிக்கும்வரை உபகாரசாமி தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டதில்லை. அருளம்மாளுக்கும் ஏறக்குறைய அதே கதைதான். தேவகோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஆசிரியர் வேலை கிடைத்ததும் வீடே அவள் சம்பளத்தை நம்பி உட்கார்ந்துவிட்டது. அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

அப்போது அவர் டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். குன்றக்குடிக்கு அங்குட்டு ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை. தினமும் அவர் வண்டியில்தான் போவாள். அவள் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் வண்டியை எடுக்க மாட்டார். அதற்கு மேல் ஒரு பேச்சும் கிடையாது. இப்படியே வருஷங்கள் போயின. ஒரு சாயங்காலம் கடைசி ஆளாக அவள் இறங்கப் போகும்போது இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"டீச்சர், கடைசித் தங்கச்சி பெல்சிக்குப் போன மாசம் கல்யாணம் முடிஞ்சிருச்சு. இனிமே எனக்குப் பொறுப்புன்னு ஒண்ணுமில்ல. ஒங்களுக்குச் சம்மதம்னா பங்குச் சாமியார்ட்டப் பேசுறேன்."

"நாளைக்குச் சொல்றேன்" என்று அருளம்மாள் படியில் கால் வைத்தாள். அப்புறம் திரும்பினாள். "நாளைக்கு எதுக்கு? இப்பவே சொல்றேன். பேசுங்க."

காரைக்குடி செக்காலைக் கோயிலில் ஒரு காலைப் பூசையில், பெரிய கூட்டமில்லாமல் கல்யாணம் நடந்தது. இரண்டாவது வருஷம் அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. மாதம் நிறைந்து, வலி எடுத்து, ஆண் பிள்ளை பிறந்தது. அழவில்லை. உயிரில்லாமல் பிறந்திருந்தது. அருளம்மாள் பிடிவாதம் பிடித்து அதை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தாள். ஒன்றிலும் குறைவில்லை. விரல்களில் நகம் முளைத்திருந்தது. இமையில் மயிர்கூட இருந்தது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்பதால் பூசையில்லாமல் கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் அடக்கம் செய்தார்கள். மூச்சு விடப் போகாத ஒரு பிள்ளைக்கு இமை மயிர்வரை எதற்காக அத்தனை பொறுமையாகப் படைத்தாய் என்று அவள் சர்வேசுரனிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். 

இனிப் பிள்ளை வேண்டாம், உயிருக்கு ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் ஒருவருக்கு ஒருவர்தான் என்று ஆயிற்று. வயது கடந்து வாய்த்த தாம்பத்தியம் என்பதாலோ என்னவோ, அதில் இருவருக்கும் ஒரு தீராத ஆச்சரியம் இருந்தது. பகலெல்லாம் மதுரை ரோட்டில் வெயிலைக் குடித்துவிட்டு வருகிற மனிதர் பக்கத்தில் படுத்துக்கொண்டு "அருளு" என்று கூப்பிட்டால், நாற்பதைத் தாண்டிய அவளுக்கு இன்னும் உடம்பு கூசியது. தனக்கு இப்படியொரு வாழ்க்கை கிடைக்கும் என்று அவள் எதிர்பார்த்ததில்லை. கிடைத்ததை எண்ணி வெளியில் சொல்லாமல் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

கருத்தையா சொல்லிவிட்டுப் போன மறுநாளே, லீவு போட வைத்து, உபகாரசாமியைக் காரைக்குடி டாக்டர் முத்துராமனிடம் இழுத்துக்கொண்டு போனாள். வயசானால் ஆண்களுக்கு வருகிற வீக்கமாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே பரிசோதித்த டாக்டர், கையுறையைக் கழற்றும்போது பேச்சைக் குறைத்துவிட்டார். மூத்திரப் பைக்குக் கீழே உள்ள சுரப்பியின் வலப்பக்கம் பட்டாணி அளவில் கல் போல ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்றார். பி.எஸ்.ஏ. என்று ஒரு ரத்தச் சோதனை அப்போதுதான் நம் பக்கம் வந்திருந்தது. ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். மதுரையில் ஊசி போட்டுச் சதைத் துணுக்கு எடுத்தார்கள். புராஸ்டேட் கேன்சர் என்று வந்தது.

மதுரையில் அவர்கள் பார்த்த பெரிய டாக்டர் பொல்லாதவர் இல்லை. அந்தக் காலத்தில் இந்த நோய்க்கு எல்லாரும் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். "விரை ரெண்டையும் எடுத்துட்டா நோய் அடங்கிக் கிடக்கும். சின்ன ஆபரேஷன். வேணும்னா ரேடியேஷன் கரண்டும் வைக்கலாம். வயசும் அம்பதத் தாண்டிருச்சு, அதனால பெரிசா ஒரு நஷ்டமும் இல்ல."

உபகாரசாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். அவரை ஒரு பிரயாணியாக அருளம்மாள் அன்றுதான் பார்த்தாள். மடியில் கிடந்த கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திருப்பத்தூர் தாண்டியதும் அவர் மெல்ல, "நீ எங்கிட்ட வந்து என்னத்தக் கண்ட அருளு" என்றார்.  பதில் சொன்னால் பஸ்ஸிலேயே அழுதுவிடுவோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் அவள் மட்டும் தனியாக டாக்டர் முத்துராமனிடம் போனாள்.

"ஆளும் பொழைக்கணும், ஆளு ஆளாவும் இருக்கணும். அதுக்கு வழியே இல்லையா டாக்டர்?"

முத்துராமன் கொஞ்ச நேரம் பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார். "விரைய விட்டுட்டு அந்தச் சுரப்பிய மட்டும் முழுசா எடுக்குற ஆபரேஷன் ஒண்ணு இருக்கு. அதச் செய்றவுக நம்ம நாட்டுல விரல் விட்டு எண்ணிரலாம் டீச்சர். அதுல ஒருத்தரு நம்ம கண்டனூர்க்காரரு. மெய்யநாதன். வெளிநாட்டுல படிச்சிட்டுச் சென்னைக்கு வந்திருக்காரு. வார வெள்ளிக்கிழமை அவுக அக்கா மக கல்யாணத்துக்கு ஊருக்கு வாராரு. நான் போன்ல பேசிட்டு ஒங்களக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

கண்டனூர் வீட்டுக்கு அவர்கள் போனபோது கல்யாணம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிற வீடு. அன்று முற்றம் முழுக்க ஆட்கள், ஈரப் பந்தல் வாசனை, பட்டுச் சரசரப்பு. மெய்யநாதன் நெற்றியில் விபூதியும் தோளில் அங்கவஸ்திரமுமாக வந்தார். நாற்பது வயதுதான் இருக்கும். ஆச்சி ஒருவர், "சாப்புட்டுப் போய்ப் பேசுங்கப்பா" என்று எல்லோரையும் மறித்தார். மெய்யநாதன் சிரித்து, "வாறேன் ஆச்சி, இவுக மதுரை வரைக்கும் அலைஞ்சு வந்திருக்காக" என்று சொல்லிவிட்டு, முற்றத்தை ஒட்டிய ஓர் அறைக்கு உபகாரசாமியைக் கூட்டிக்கொண்டு போனார். முத்துராமனும் கூடப் போனார்.

அருளம்மாள் வெளியில் ஒரு நாற்காலியில் காத்திருந்தாள். சற்று நேரத்தில் மெய்யநாதன் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"கட்டி ஒரு பக்கமாத்தான் இருக்கு. சுரப்பியோட ஓட்டத் தாண்டி வெளிய வந்த மாதிரி தெரியல. சென்னைக்கு வந்தா எலும்பு ஸ்கேன் எடுத்துப் பாப்போம். அங்க பரவலைன்னா முழுசா எடுத்துரலாம். வெறும் அடக்கி வைக்கிற வேலையில்ல டீச்சர், வேரோட எடுக்குறது."

அறைக்குள் உபகாரசாமி வேட்டி கட்டிக்கொண்டிருக்கும் நிழல் தெரிந்தது. இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது என்று அருளம்மாளுக்குத் தோன்றியது. ஊரே நிற்கிற கல்யாண வீடு.  சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அதுக்கப்புறம் இவுக எனக்குப் புருஷனா இருப்பாகளா டாக்டர்?"

மெய்யநாதன் துண்டால் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அவளை ஏறிட்டுப் பார்த்தார். கேலியாகவும் பார்க்கவில்லை, சங்கடமாகவும் பார்க்கவில்லை.

"எங்கிட்ட வர்ற ஆம்பளைகளே இதக் கேக்க மாட்டாக. முடிஞ்சப்புறம் வீட்டுக்குப் போய் மொடங்கிக் கெடப்பாக. சம்சாரம் கேட்டு நான் இதுவரைக்கும் பாத்ததில்ல." பக்கத்தில் கிடந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திருப்பிப் போட்டு, பேனாவை எடுத்தார். "நீங்க கேட்டதால முழுசாச் சொல்றேன்."

ஒரு நெல்லிக்காயை வரைந்தார். மேலே ஒரு பை, கீழே ஒரு குழாய்.

"இதுதான் அந்தச் சுரப்பி. இத எடுத்துட்டு மேல உள்ள பையையும் கீழ உள்ள குழாயையும் சேத்துத் தைக்கணும். ரொம்ப வருஷமாவே செய்றாக. ஆளு பொழைச்சிரும். ஆனா ஆம்பளைத்தனம் போயிரும். அதுக்குண்டான நரம்பு எந்த வழியா ஓடுதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. சுரப்பிக்குள்ளயே ஓடுது, எடுத்தா போகத்தான் செய்யும்னு நெனச்சுட்டாக. மனுசன் சந்திரனுக்குப் போய்ட்டு வந்து பத்து வருஷம் ஆகியும், தன் ஒடம்புக்குள்ள இந்த ஒரு வழி தெரியாமத்தான் இருந்தான்."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சுச்சு?"

"பெரியவுக ஒடம்புல தேடுனா கெடைக்காது. கொழுப்பு மூடியிருக்கும், நரம்பு அவ்வளவு மெலிசு. ஐரோப்பாவுல ஒரு பேராசிரியரு, ஓய்வு பெத்த மனுசன். அவரும் அமெரிக்காவுலருந்து வந்த ஒரு சர்ஜனும் சேந்து தேடுனாக. எதுல தேடுனாகன்னா..." மெய்யநாதன் கொஞ்சம் தயங்கினார். "பொறக்கும்போதே உசுரில்லாமப் பொறந்த ஒரு ஆம்பளப் பிள்ளையோட ஒடம்புல. அந்தச் சின்ன ஒடம்புல எல்லாம் தெளிவா இருந்துச்சு. நாள் முழுக்க ஒக்காந்து நூல் நூலாப் பிரிச்சுப் பாத்துருக்காக. சாயங்காலம் வழி தெரிஞ்சிருச்சு. நரம்பு சுரப்பிக்குள்ள ஓடல. வெளிய, ரெண்டு பக்கமும் ஓரமா ஒட்டிக்கிட்டு ஓடுது. அதத் தொடாமச் சுரப்பிய மட்டும் எடுத்தா ஆம்பளைத்தனத்தக் காப்பாத்தப் பாக்கலாம்."

நெல்லிக்காயின் இரண்டு ஓரத்திலும் மயிரிழை போல ஒரு கோடு இழுத்தார்.

அருளம்மாள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தியில் சாம்பார் வாளியின் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. மடியில் ஒரு பாரம் வந்து உட்கார்ந்தது போல இருந்தது. எங்கோ ஒரு தேசத்தில், பெயர் தெரியாத ஒரு தாய், தன்னைப் போலவே, அழாத ஒரு பிள்ளையைப் பெற்றிருக்கிறாள். அந்தப் பிள்ளையின் உடம்பில் இருந்த ஒரு வழி, கடல் தாண்டி, கண்டனூரில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் முதுகில் கோடாக வந்து நிற்கிறது. மூச்சே விடாத பிள்ளைக்குள்ளும் அந்த நூல் ஒழுங்காக, இருக்க வேண்டிய இடத்தில், முழுசாக நெய்யப்பட்டு இருந்திருக்கிறது.

"எனக்கும் ஒரு பிள்ளை அப்படித்தான் பொறந்துச்சு டாக்டர்" என்றாள்.

மெய்யநாதன் பேனாவை மூடினார்.  உபகாரசாமி அறையிலிருந்து வெளியே வந்தபோது டாக்டர் எழுந்து நின்று, அவருக்குத் தன் நாற்காலியைப் போட்டார்.

சென்னைக்குப் போய் எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். எங்கும் பரவியிருக்கவில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் ரத்தம் வேண்டும் என்றார்கள். கருத்தையா டிப்போவில் சொன்னார். அன்று லீவில் இருந்த டிரைவர்களும் கண்டக்டர்களும் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸில் ஏறி எழும்பூரில் வந்து இறங்கினார்கள். ஆஸ்பத்திரி வராண்டாவில் காக்கிச் சட்டையும் தோளில் துண்டுமாக அவர்கள் வரிசையாக நின்றதைப் பார்த்து, நர்ஸ் ஒருத்தி யாரோ மந்திரி வருகிறார் என்று நினைத்துவிட்டாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மெய்யநாதன் கட்டிலருகில் வந்து நேராகச் சொன்னார். "வாக்குக் குடுக்க மாட்டேன். மொதல்ல உசுரு. ரெண்டாவது மூத்திரம் அடக்குற சக்தி. மூணாவதுதான் மத்தது. கட்டி இருக்குற வலப்பக்கம் சந்தேகமா இருந்தா அந்தப் பக்கத்து நரம்ப விட்டுக்குடுத்துருவேன். சம்மதமா?"

உபகாரசாமி மனைவியைப் பார்த்தார். "டீச்சரு சொன்னாச் சரி."

"ஒங்களுக்கு எது சரியோ அதச் செய்யுங்க" என்று டாக்டரிடம் சொன்னாள் அருளம்மாள்.

காலையில் அவரை உள்ளே கொண்டு போனார்கள். அருளம்மாளும் நாத்தனார் பெல்சியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெல்சி விடாமல் ஜெபமாலை சொன்னாள். அருளம்மாளால் ஜெபிக்க முடியவில்லை. அவள் மனசு முழுக்க அந்த மயிரிழைக் கோடு. இப்போது அதன் பக்கத்தில் ஒரு கத்தி போய்க்கொண்டிருக்கும். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதில் எத்தனை நூல், யார் கண்ணுக்கும் படாமல், இந்த நிமிஷம் வேலை செய்துகொண்டிருக்கிறது! கரும்பலகையில் எழுதியது, இட்லிக்கு மாவு கரைத்தது, அவருடைய முதுகைத் தொட்டது, எல்லாம் இந்த நூல்கள் வழியாகத்தானே. இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு 'நமது உடல்' பாடம் நடத்தியிருக்கிறாள். ஒருநாளாவது நினைத்துப் பார்த்தாளா?

மத்தியானம் சாய்ந்த பிறகு மெய்யநாதன் வந்தார். உருப்பெருக்கிக் கண்ணாடி அழுத்திய தழும்பு மூக்கில் சிவப்பாக இருந்தது. நிற்கவே தெம்பில்லாதவர் போலச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"முழுசா எடுத்தாச்சு. எடப்பக்கத்து நரம்பு அப்படியே இருக்கு. வலப்பக்கம் மேல கொஞ்சம் விட்டுக்குடுத்தேன், மிச்சத்தக் காப்பாத்திட்டேன்."

"நீங்க அதப் பாத்தீகளா டாக்டர்? அந்த நரம்ப?"

அவர் சிரித்தார். "நரம்பு கண்ணுக்குத் தெரியாது டீச்சர். கூடவே ஓடுற பொடி ரத்தக் குழாய்தான் தெரியும். அத அடையாளமா வச்சுக்கிட்டு, இங்கதான் நீ இருக்கன்னு நம்பி, அதத் தொடாம இங்குட்டு வந்துரணும். எத்தன தடவ செஞ்சாலும் அந்த எடத்துக்குப் போறப்ப எனக்கு மூச்சு நின்னுதான் வருது."

அருளம்மாள் அவருடைய கைகளைப் பார்த்தாள். சாதாரணக் கைகள். ஒட்ட வெட்டிய நகம், சோப்பில் ஊறிச் சுருங்கிய விரல் நுனி. பெல்சி குனிந்து அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அருளம்மாளுக்கும் அப்படிச் செய்யத் தோன்றியது. அவள் கை கூப்பினாள்.

ஊருக்குத் திரும்பி, மூத்திரம் போக வைத்திருந்த டியூபை எடுத்த பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. அடக்க முடியவில்லை. இருமினால் ஒழுகியது, எழுந்தால் ஒழுகியது. பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்துக் கொடுத்தாள் அருளம்மாள். துவைத்துக் காயப்போட்டாள். உபகாரசாமி கோயிலுக்குப் போக மறுத்தார். "என் மேல நாத்தமடிக்கும்" என்று வாசலுக்குக்கூட வராமல் இருந்தார். இடுப்புக்குக் கீழ்த் தசையை இறுக்கி இறுக்கி விடும் பயிற்சி ஒன்றை டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். அதைச் செய்யவும் அவருக்கு வெட்கம்.

"கோயில் மணி அடிக்கிறப்பெல்லாம் செய்யுங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள்.

"மணி அடிச்சா செபம் சொல்லணும்டி."

"செபமும் சொல்லுங்க, இறுக்கவும் செய்யுங்க. சர்வேசுரனுக்கு ரெண்டும் தெரியும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். வியாதி வந்ததிலிருந்து அப்படிச் சிரித்தது அன்றுதான். சிரித்ததில் கொஞ்சம் ஒழுகவும் செய்தது. அதற்கும் சேர்த்து இருவரும் சிரித்தார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் துணி தேவைப்படவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் புது வேட்டி கட்டிப் பூசைக்குப் போனார். தை பிறந்து மறுபடி மதுரை வண்டியில் ஏறினார். சென்னைக்கு அனுப்பிய ரத்தத்தில் நோயின் சுவடே இல்லை என்று வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் பிழைத்து வந்துவிட்டார் என்று சொன்னார்கள். பிழைத்துத்தான் வந்திருந்தார்.

ஆனால் டாக்டர் மூன்றாவதாகச் சொன்னது வரவில்லை. வருஷம் ஒன்று போனது. பக்கத்தில் படுத்திருந்தும் ஊருக்குப் போன மனிதரைப் போல இருந்தார் உபகாரசாமி. காப்பாற்றிய நரம்பும் ஆபரேஷனில் மயங்கிப் போயிருக்கும், எழுந்திருக்க ஒன்றரை வருஷம்கூட ஆகலாம் என்று மெய்யநாதன் சொல்லியிருந்தார். அதை உபகாரசாமி நம்பவில்லை.

"ஒன்னைய நான் ஏமாத்திட்டேன் அருளு."

"என்னைய ஒருத்தரும் ஏமாத்தல. அது தூங்குது. முழிக்கும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்குத் தெரியாதுதான். அவள் அந்தக் கோட்டைப் பார்த்திருந்தாள், அவ்வளவுதான். அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அது போதும் என்று அவருக்குப் புரிய வைக்க அவளால் முடியவில்லை. சில நாள், அது போதும் என்று அவளாலேயே நம்ப முடியவில்லை.

இரண்டாவது கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. முதல் மணி இன்னும் அடிக்கவில்லை. ஜன்னல் வெளுத்துக்கொண்டிருந்தது. உபகாரசாமி அவள் தோளைத் தொட்டார். கூப்பிடவில்லை, தொட்டார். அவள் கண் விழித்தபோது அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு திகைப்பை அவள் பார்த்ததில்லை. பூசையில் சாமியார் நன்மை அப்பத்தை உயர்த்திக் காட்டும்போது தலை குனியாமல் நிமிர்ந்து பார்த்துவிட்ட ஆள் போல இருந்தார்.

"அருளு... அது முழிச்சிருச்சு."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்றரை வருஷமாக யாருக்கும் தெரியாமல், உள்ளே, இருட்டில், ஒரு நூல் தன்னைத் தானே சரிசெய்துகொண்டே வந்திருக்கிறது. இவர்கள் நம்பிக்கை இழந்து கிடந்த நாளிலும் அது வேலையை நிறுத்தவில்லை. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு மேல் அன்று எதுவும் செய்யத் தோன்றவில்லை. உபகாரசாமி சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, இதற்குப் போய்ச் சிலுவை போடலாமா என்று அவளைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"போடுங்க" என்றாள் அருளம்மாள். "இதுக்குப் போடாம வேற எதுக்குப் போடுறது?"

அந்த வருஷம் அவர்கள் மறுபடியும் புருஷன் பெண்டாட்டியானார்கள். பழைய வேகம் இல்லை. சில நாள் சரியாக வரும், சில நாள் வராது. வராத நாளுக்காக யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

டாக்டருக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று அருளம்மாள் நினைத்தாள். "அதெல்லாம் போய்ச் சொல்லுவாகளா?" என்று உபகாரசாமி ஓடியே போனார். கேட்டவள் நான், பதில் சொல்ல வேண்டியதும் நான்தான் என்று அவள் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். பூத்தை நடத்துகிற முத்தழகுக்குக் காது நீளம். கண்ணாடிக் கதவு முழுசாக மூடவும் செய்யாது. அருளம்மாள் முதுகைத் திருப்பிக்கொண்டு பேசினாள்.

"டாக்டர், காரைக்குடி அருளம்மாள் டீச்சர். கண்டனூர்ல ஒங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு டீச்சர்."

"இருக்காக" என்றாள் அவள். "நல்லா இருக்காக."

  மறுமுனையில் அவர், "சந்தோஷம் டீச்சர்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒங்ககிட்ட ஒரு ஒத்தாசை கேக்கலாமா? அரியக்குடிக்குப் பக்கத்துல ஒரு விவசாயி, மருதுன்னு பேரு. இதே வியாதி. அவரு வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. அவுக சம்சாரம் பயந்துபோய் இருக்காக. நான் சொல்றதவிட நீங்க சொன்னா நல்லாருக்கும்" என்றார்.

அந்த வாரம் சனிக்கிழமை மருதுவின் மனைவி மஹாலட்சுமி செக்காலையில் அருளம்மாளின் வீட்டுக்கு வந்தாள். வயல் வெயிலில் காய்ந்த முகம். மஞ்சள் பை ஒன்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். மாதா படத்துக்குக் கீழே நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மாடு, மழை, பஸ் கூட்டம் என்று எதையெதையோ பேசினாள். அருளம்மாள் அவசரப்படுத்தவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தாள். பிறகு மேஜையில் சிந்தியிருந்த தண்ணீரில் விரலைத் தொட்டு, ஒரு நெல்லிக்காயை வரைந்து, அதன் ஓரத்தில் ஒரு கோட்டை மெல்ல இழுத்தாள்.

"இந்த வழியாத்தான் ஓடுதாம். கண்ணுக்கே தெரியாதாம்" என்றாள். கோயிலுக்குள் பேசுகிற மாதிரி குரல் தானாகவே தாழ்ந்தது.

மஹாலட்சுமி அந்த ஈரக் கோட்டைப் பார்த்தாள். காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, நான் ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நெனைக்க மாட்டீகளே?"

"கேளு தாயீ" என்றாள் அருளம்மாள்.